ஐகோவுக்கு ஏன் பட்டம் இல்லை?

கேள்வி இதுதான்: ஜப்பான் பேரரசர் நருஹிட்டோவுக்கு இருப்பது ஒரே பிள்ளை, மகள் ஐகோ. அப்படியிருக்க அடுத்த பட்டம் ஏன் தம்பிக்கும் தம்பி மகனுக்கும் போகிறது? அந்த நாட்டில் பெண்கள் ஆண்டதே இல்லையா? சட்டத்தை மாற்றிவிட்டால் என்ன?

முதலில் சுருக்கமான பதில். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பெண்கள் ஆண்டிருக்கிறார்கள், எட்டுப் பேர். சட்டத்தை மாற்றவும் முடியும், நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். மக்களிடம் கருத்துக் கேட்டால் பெரும்பான்மையினர் பெண் வரட்டும் என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இவ்வளவும் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதற்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பு, ஆண்தான் பட்டத்துக்கு வரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அரியணை பரம்பரையாக வரும், யாருக்கு வரும் என்பதை நாடாளுமன்றம் இயற்றும் அரச குடும்பச் சட்டம் சொல்லும் என்பதோடு அதன் 2ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. முடிச்சு அந்த அரச குடும்பச் சட்டத்தின் முதல் பிரிவில் இருக்கிறது. அரச பரம்பரையில் ஆண்வழியில் வந்த ஆண் மட்டுமே பட்டத்துக்கு உரியவர். ஒரே வரியில் இரண்டு நிபந்தனைகள். வருகிறவர் ஆணாக இருக்கவேண்டும். அவருடைய அரச ரத்தம் அப்பா, அப்பாவின் அப்பா என்று ஆண்கள் வழியாகவே வந்திருக்கவேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ஜப்பானில் நடக்கும் சண்டை பிடிபடாது. ஐகோவின் அப்பா பேரரசர். ஆகவே ஐகோவும் ஆண்வழியில் வந்தவர்தான். அவர் பட்டத்துக்கு வந்தால் முதல் நிபந்தனை மட்டும்தான் உடையும். அவர் வெளியே ஒருவரைக் கல்யாணம் செய்து, அவருக்குப் பிறக்கும் பிள்ளை பட்டத்துக்கு வரும்போதுதான் இரண்டாவது உடையும், அந்தப் பிள்ளை ஆணாகவே இருந்தாலும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மகன் வயிற்றுப் பேரன், மகள் வயிற்றுப் பேரன் என்கிற பேதம். பழமைவாதிகளில் சிலர் முதலாவதைக்கூடச் சகித்துக்கொள்வார்கள். இரண்டாவதைத் தொட்டால் ஒருவரும் விடமாட்டார்கள். இதுவரை வந்த 126 பேரரசர்களும் ஆண்வழி, அந்த நூல் அறுந்தால் 127ஆவதாக வருபவர் வேறொரு குடும்பத்தின் முதல் ஆள் என்பது அவர்கள் வாதம். அந்த 126இல் ஆரம்பத்தில் வருகிறவர்கள் புராணப் பாத்திரங்கள் என்பது வரலாற்றாசிரியர்களுக்குத் தெரியும். வம்சத்தின் மூலத் தெய்வமாகச் சொல்லப்படும் சூரியக் கடவுள் அமதெராசு பெண் தெய்வம் என்பது இன்னொரு வேடிக்கை. அது கிடக்கட்டும்.

இனி, ஆண்ட பெண்கள்.

592 முதல் 770 வரையான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வப் பட்டியல்படி அந்தக் காலத்தில் 16 ஆட்சிகள். அவற்றில் எட்டு, பெண்களுடையவை. பாதிக்குப் பாதி. எட்டு ஆட்சி என்றாலும் ஆட்கள் ஆறு பேர்தான், ஏனென்றால் இருவர் பட்டத்தை விட்டுவிட்டு மறுபடியும் வேறு பெயரில் வந்தவர்கள். முதலாவது சுய்கோ. முந்தைய பேரரசர் கொலையுண்டபின் 592இல் பட்டத்துக்கு வந்து 628இல் சாகும்வரை இருந்தார். ஜிதோ, ஃபுஜிவாரா தலைநகரைக் கட்டி முடித்து அங்கே அரசை மாற்றியவர். கென்மெய் காலத்தில்தான் 710இல் தலைநகர் நாராவுக்கு வந்தது. ஜப்பானின் மிகப் பழைய வரலாற்று நூலான கொஜிகி 712இல் அவரிடம்தான் சமர்ப்பிக்கப்பட்டது.

"இவர்கள் எல்லாம் அடுத்த ஆண் வாரிசு வளரும்வரை இடத்தைப் பிடித்துவைத்தவர்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஜிதோ பேரனுக்காகக் காத்திருந்தார், கென்மெய்யும் பேரனுக்காகத்தான் என்று பார்த்தால் அதில் உண்மை உண்டு. ஆனால் 36 ஆண்டு ஆண்டவரை இடம் பிடித்துவைத்தவர் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் ஓவராகப் படுகிறது.

கென்மெய் 715இல் பட்டத்தைத் தன் மகள் கென்ஷோவிடம் கொடுத்தார். அம்மாவிடமிருந்து மகளுக்குப் பட்டம் போன ஒரே சந்தர்ப்பம் இது. பெண்வழியை ஆதரிப்பவர்கள் உடனே இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எதிர்த்தரப்பிடம் பதில் தயாராக இருக்கும்: கென்ஷோவின் அப்பா இளவரசர் குசகபே, அவர் பேரரசர் தென்முவின் மகன், ஆகவே கென்ஷோ அம்மா மூலம் பட்டம் பெற்றாலும் ரத்தம் அப்பா வழி. இது சரியான பதில்தான். ஆனால் அதே 8ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பில், பேரரசரின் பிள்ளைகளுக்கு இளவரசர் தகுதி உண்டு என்று சொல்லும் இடத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. பெண் பேரரசரின் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. பெண்ணுக்குப் பட்டம் வரும், அவருக்குப் பிள்ளையும் இருக்கும் என்பதை அந்தக் காலத்துச் சட்டம் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. அரச குலப் பெண்கள் குலத்துக்குள்ளேயே மணந்த காலம் அது என்பதால் ஆண்வழி எப்படியும் தப்பாது என்று இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அடிக்குறிப்பை வைத்து இன்றைக்கும் நாடாளுமன்றக் குழுக்களில் வாதம் நடக்கிறது.

கென்ஷோவுக்குப் பின் அவருடைய தம்பி மகன் ஷோமு. ஷோமுவின் மகள் கோகென். 738இல் பட்டத்து வாரிசாகவே முறைப்படி அறிவிக்கப்பட்டவர். வரலாற்றில் அந்தத் தகுதி பெற்ற ஒரே பெண் அவர்தான், இடம் பிடித்துவைக்கும் கதை இவருக்குச் செல்லாது. இரண்டாம் முறை பட்டத்துக்கு வந்தபோது தோக்யோ என்ற புத்த பிக்குவுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தார். 769இல், தோக்யோவைப் பேரரசராக்கினால் நாடு அமைதியுறும் என்று உசா ஹச்சிமான் கோயிலிலிருந்து அருள்வாக்கு வந்ததாகச் செய்தி பரவியது. சரிபார்க்க அனுப்பப்பட்ட வாகே நோ கியோமாரோ அதற்கு நேர்மாறான வாக்கோடு திரும்பிவந்தார், அதற்காக நாடுகடத்தவும்பட்டார். மறு ஆண்டு கோகென் இறந்ததும் தோக்யோவின் கதையும் முடிந்தது. அதற்குப் பிறகு 859 ஆண்டுகள் எந்தப் பெண்ணும் அரியணை ஏறவில்லை. இந்தச் சம்பவம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. அடுத்து வந்த காலத்தில் ஃபுஜிவாரா குடும்பம் தன் பெண்களைப் பேரரசர்களுக்குக் கட்டிக்கொடுத்து, பேரனைப் பட்டத்தில் உட்காரவைத்து, தாத்தாவாக இருந்து ஆண்டது. அந்த ஏற்பாட்டில் பெண் பேரரசருக்கு வேலையே இல்லை.

1629இல் மெய்ஷோ. அவர் வந்த விதம் நல்ல அரசியல் நாடகம். அம்மா, அன்று நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர்களான தோகுகாவா ஷோகன்களில் ஒருவரான ஹிதேதாதாவின் மகள். தங்கள் ரத்தத்தில் ஒரு பேரரசர் வரவேண்டும் என்று தோகுகாவா குடும்பம் கட்டிக்கொடுத்த பெண். பிறந்த ஆண் குழந்தைகள் தங்கவில்லை. ஷோகன் ஆட்சியோடு மனக்கசப்பில் இருந்த பேரரசர் கோ-மிசுனோ, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டத்தைத் துறந்து சிறு பெண்ணான மெய்ஷோவிடம் கொடுத்துவிட்டார். தோகுகாவா பேத்தி அரியணையில்! ஆனால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இடமும் இல்லை. 1643இல் வேறு தாய்க்குப் பிறந்த தம்பிக்குப் பட்டம் போனது, தோகுகாவா ரத்தம் அரியணையிலிருந்து அதோடு அற்றுப்போனது. மகளுக்குப் பட்டம் கொடுப்பது, அவள் வழியை அடைக்கும் வழியாகவும் பயன்பட்டிருக்கிறது.

கடைசியாக 1762இல் வந்த கோ-சகுராமச்சி. தம்பி இளவயதில் இறந்து, தம்பி மகன் சிறு குழந்தையாக இருந்ததால் எட்டு ஆண்டு ஆண்டு, பிள்ளை வளர்ந்ததும் அவனிடம் கொடுத்தார். இவர் அச்சு அசலான இடைக்கால ஏற்பாடு. ஆனால் அந்தத் தம்பி மகனும் 1779இல் இருபத்தொரு வயதில் போய்விட்டார், ஒரு கைக்குழந்தை மகளை மட்டும் விட்டுவிட்டு. அன்றைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கன்இன் என்ற தாயாதிக் கிளையிலிருந்து, துறவியாகப் போகவிருந்த எட்டு வயதுப் பையனைத் தத்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள். பிற்பாடு அந்தக் கைக்குழந்தையையே அவருக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்கள். அந்தப் பையன்தான் பேரரசர் கோகாகு. இன்றைய அரச குடும்பம் முழுக்க அவர் வழி வந்தது. இன்றைக்கு "தாயாதி வீட்டிலிருந்து தத்தெடுப்போம்" என்று சொல்கிறவர்கள் மனத்தில் இருப்பது இந்த முன்னுதாரணம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வழக்கம். பெண் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தது 1889இல், பேரரசர் மெய்ஜி காலத்து அரசு. ஐரோப்பிய நாடுகளைப் பார்த்து அரசியலமைப்பு எழுதிக்கொண்டிருந்த அந்த நாட்களில், 1880களின் நடுவில் வந்த ஒரு வரைவு பெண்ணுக்கும் பெண்வழிக்கும்கூட இடம் கொடுத்தது. ஆண் வாரிசு அற்றுப்போனால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அதை முறித்தவர் இனோவே கோவாஷி என்ற அதிகாரி. பெண் பேரரசரின் பிள்ளை கணவனின் குடும்பத்துப் பிள்ளைதானே, அப்புறம் அரியணை வேறு குடும்பத்துக்கு அல்லவா போகும் என்பது அவருடைய வாதம். அரசியலமைப்பு எழுதும் பணிக்குத் தலைமை தாங்கிய இதோ ஹிரோபூமி என்பவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆக, தொன்றுதொட்டு வந்த மரபு என்று சொல்லப்படும் இந்தத் தடை, எழுத்தில் வந்து நூற்று சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. பிள்ளை அப்பாவின் குடும்பத்தைச் சேரும் என்ற அன்றைய குடும்பச் சட்டச் சிந்தனைதான் அதன் முதுகெலும்பு.

சரி, ஆண்வழி மட்டும் என்ற விதி அவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? என் பார்வையில் இந்தப் பிரச்சினைக்கு உயிர்நாடி இதுதான். இரண்டு முட்டுகள் அதைத் தாங்கிநின்றன. ஒன்று, துணைவியர். இன்னொன்று, தாயாதிக் கிளைகள்.

துணைவியர் விஷயத்தைப் பாருங்கள். கோகாகு, நின்கோ, கோமெய், மெய்ஜி, தைஷோ என்று வரிசையாக ஐந்து பேரரசர்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடப் பட்டத்து ராணிக்கோ முறையான மனைவிக்கோ பிறந்தவர் இல்லை. மெய்ஜியின் பேரரசி ஷோகெனுக்குக் குழந்தை கிடையாது. மற்ற ஐந்து பெண்களிடம் மெய்ஜிக்குப் பிறந்தவை பதினைந்து குழந்தைகள். அவற்றில் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஆண் ஒருவர்தான், அவர்தான் தைஷோ. பதினைந்து குழந்தை பெற்றும் நூலிழையில்தான் தப்பியிருக்கிறது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முறையான மனைவிக்குப் பிறக்காத மகனும் பட்டத்துக்கு வரலாம் என்று அதில் இடம் வைத்திருந்தார்கள். அந்த ஒரு கதவு இல்லாமல் ஆண்வழி விதி ஓடாது என்பது அதை உருவாக்கியவர்களுக்கே தெரிந்திருந்தது.

தைஷோ ஒரே மனைவியோடு வாழ்ந்தார், அதிர்ஷ்டமாக நாலு மகன்கள். மூத்தவர் ஹிரோஹிட்டோ. அவருக்கு முதல் நாலும் பெண்கள். துணைவி வைத்துக்கொள்ளலாமே என்று அரண்மனை வட்டாரத்தில் பேச்சு எழுந்தபோது அவர் மறுத்துவிட்டார் என்பார்கள். 1933 டிசம்பர் 23 காலையில் தோக்கியோவில் சங்கு ஊதியது. ஒரு முறை ஊதினால் பெண், இரண்டு முறை ஊதினால் ஆண் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். முதல் சங்கு ஓய்ந்து இரண்டாவது ஊதுகிறதா என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஊதியது. பிறந்தவர் அகிஹிட்டோ.

போருக்குப் பின் இரண்டு முட்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கழற்றப்பட்டன. புதிய அரச குடும்பச் சட்டம் முறையான திருமணத்தில் பிறந்தவர்களை மட்டுமே ஏற்றது. 1947 அக்டோபரில் 11 கிளைக் குடும்பங்கள், 51 பேர், அரச தகுதி இழந்து சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள். போரில் தோற்ற நாடு, சொத்து வரி, அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் நெருக்கடி என்று அதற்குப் பல காரணங்கள். அரச குடும்பம் தத்தெடுப்பதையும் அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடைசெய்கிறது. வெளியாளை மணக்கும் இளவரசி குடும்பத்தை விட்டுப் போகவேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. முட்டுகள் போய்விட்டன, ஆண்வழி ஆண் என்ற விதி மட்டும் 1889இலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டது. பாலினத்தால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் புதிய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவோடு இது மோதாதா என்று அப்போதே கேட்டார்கள். பரம்பரை அரியணையே சமத்துவத்துக்கு விலக்குத்தானே, அதற்குள் இதுவும் அடங்கும் என்பதுதான் அரசுத் தரப்பின் பதில்.

கணக்கு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. 1965இல் அகிஹிட்டோவின் இரண்டாவது மகன், அதாவது நருஹிட்டோவின் தம்பி, அகிஷினோ பிறந்தார். அதற்குப் பின் 2001 வரை அரச குடும்பம் முழுவதிலும் பிறந்த ஒன்பது குழந்தைகளும் பெண்கள். ஹிரோஹிட்டோவின் தம்பி மிகாசாவுக்கு மூன்று மகன்கள் இருந்தும், மகன்கள் வழிப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் பெண்கள். மூன்று மகன்களும் தகப்பனுக்கு முன்பே இறந்துபோனார்கள்.

இந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை. மசாகோ ஹார்வர்டில் படித்தவர், வெளியுறவு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்தவர். 1993இல் நருஹிட்டோவை மணந்தார். 1999 இறுதியில் ஒரு கருச்சிதைவு. 2001 டிசம்பர் 1 அன்று ஐகோ. அதன் பிறகும் "அடுத்தது எப்போது" என்ற கேள்வி ஓயவில்லை. 2004 மே மாதம், வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தைய பத்திரிகையாளர் சந்திப்பில், மசாகோவின் முந்தைய பணியையும் அவருடைய ஆளுமையையும் மறுக்கும் போக்கு இருந்தது என்று நருஹிட்டோ வெளிப்படையாகச் சொன்னார். அரண்மனையிலிருந்து அப்படியொரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. அந்த ஆண்டே, மசாகோவுக்குச் சூழலோடு ஒத்துப்போக முடியாமல் ஏற்பட்ட மனநலக் குறைபாடு என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். பல ஆண்டுகள் அவர் பொதுநிகழ்ச்சிகளில் தலைகாட்டுவதே அபூர்வமாக இருந்தது.

2004 இறுதியில் பிரதமர் கொய்சுமி ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார். தலைவர், ரோபோ அறிவியலாளரும் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருமான யோஷிகாவா ஹிரோயுகி. 2005 நவம்பரில் வந்த அறிக்கை எந்தப் பூச்சும் இல்லாமல் பேசியது. பெண்ணும் வரலாம், பெண்வழியும் வரலாம், ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கு முதல் உரிமை. இளவரசர் தொமோஹிட்டோ இதைக் கடுமையாக எதிர்த்தார். பழைய கிளைகளைத் திரும்பக் கொண்டுவரலாம், தத்தெடுக்கலாம் என்றெல்லாம் எழுதியவர், துணைவியர் முறையையும் ஒரு வழியாகக் குறிப்பிட்டார். இந்தக் காலத்தில் அது கஷ்டம்தான் என்று அவரே சேர்த்தும்கொண்டார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஆண்வழி விதியின் இயந்திரம் எதனால் ஓடியது என்பதை நேர்மையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பேன். அவருக்கும் இரண்டு மகள்கள்தான்.

மசோதா 2006இல் வரவிருந்தது. பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றக் குழு கூடியிருந்த நேரத்தில், அகிஷினோவின் மனைவி கிகோ கருவுற்றிருக்கும் செய்தி தொலைக்காட்சியில் வந்தது. மசோதா அதோடு கிடப்பில் போனது. செப்டம்பர் 6 அன்று ஹிசாஹிட்டோ பிறந்தார், 41 ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஆண். ஒரு நாட்டின் அரச வாரிசுச் சட்டத் திருத்தத்தை ஒரு கர்ப்பச் செய்தி நிறுத்தியது என்றால் அது இதுதான்.

அன்றிலிருந்து இன்றுவரை நடப்பதைத் தள்ளிப்போடல் என்றுதான் சொல்லவேண்டும். 2019இல் அகிஹிட்டோ பட்டம் துறக்க வழிசெய்த தனிச் சட்டத்தோடு, இளவரசிகள் விஷயத்தையும் ஆராயவேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தைச் சேர்த்தது. அந்த 2019 மே 1 சடங்கையே பாருங்கள். அரண்மனையின் பைன் மர அறையில், பட்டத்தின் அடையாளங்களான வாளும் மணிக்கல்லும் அடங்கிய பெட்டிகளைப் புதுப் பேரரசர் முன் கொண்டுவந்து வைக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சடங்கு. அரச குடும்பத்திலிருந்து அங்கே நிற்க அனுமதி வயதுவந்த ஆண்களுக்கு மட்டும். நருஹிட்டோவுக்குப் பின்னால் நின்றவர்கள் தம்பி அகிஷினோவும், 83 வயதுச் சித்தப்பா ஹிதாச்சியும். மனைவி மசாகோ கிடையாது. ஆனால் பார்வையாளராக அமைச்சரவை வந்திருந்தது. அமைச்சரவையில் அப்போது ஒரே ஒரு பெண், கதயாமா சத்சுகி. சொந்த மனைவிக்கு இடமில்லாத அறையில், அரசியல்வாதியான ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2021 இறுதியில் இன்னொரு நிபுணர் குழு வாரிசுக் கேள்வியை நேரடியாகத் தொடாமல், குடும்பத்தில் ஆட்கள் குறைவதற்கு மட்டும் இரண்டு யோசனைகள் சொன்னது. ஒன்று, இளவரசிகள் கல்யாணத்துக்குப் பிறகும் அரச குடும்பத்திலேயே இருக்கலாம். ஆனால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அரச தகுதி இல்லை. ஒரே வீட்டுக்குள் அம்மா அரச குடும்பம், அப்பாவும் பிள்ளைகளும் சாதாரணக் குடிமக்கள். பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை உண்டு, அம்மாவுக்குக் கிடையாது. மற்றொன்று, 1947இல் வெளியேறிய குடும்பங்களின் ஆண்வழி ஆண்களைத் தத்தெடுப்பது. தத்து வருபவருக்குப் பட்டத்துரிமை இல்லை, தத்து வந்தபின் அவருக்குப் பிறக்கும் மகனுக்கு உண்டு.

இந்தத் தத்து யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். அந்த 11 குடும்பங்களும் ஃபுஷிமி என்ற கிளையிலிருந்து வந்தவை. ஃபுஷிமி கிளை இன்றைய பேரரசரின் ஆண்வழியிலிருந்து பிரிந்தது சுமார் அறுநூறு ஆண்டுக்கு முன். அவ்வளவு தூரத்து உறவா என்று கேட்டால், ஆதரவாளர்கள் உடனே சொல்வது: இல்லை இல்லை, மெய்ஜியின் மகள்கள் நாலு பேரும் அந்த வீடுகளில்தான் வாழ்க்கைப்பட்டார்கள், ஹிரோஹிட்டோவின் மூத்த மகளும் ஹிகாஷிகுனி வீட்டுக்குத்தான் போனார். அதாவது நெருக்கத்தைக் காட்ட மகள் வழியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்! மகள் வழி ரத்தம் அங்கே செல்லும், இங்கே செல்லாது. அதோடு, பிறந்ததிலிருந்து சாதாரண வாழ்க்கை வாழ்ந்த ஒரு இளைஞர் இதற்குச் சம்மதிக்கவும் வேண்டும்.

2025 அக்டோபரில் தகாயிச்சி சனாயே ஜப்பானின் முதல் பெண் பிரதமர் ஆனார். ஆண்வழி மாறக்கூடாது என்பதில் உறுதியானவர். அவர் கட்சி கூட்டணிக்காகச் செய்துகொண்ட உடன்பாட்டில் தத்து யோசனைக்கு முன்னுரிமை தரப்பட்டிருக்கிறது. பெண் தலைமை வந்தால் பெண் வாரிசு வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். வெளியிலிருந்து சொன்னாலும் எடுபடாது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஆராயும் ஐ.நா. குழு 2024 அக்டோபரில் இந்தச் சட்டத்தை மாற்றச் சொன்னது. ஜப்பான் கண்டனம் தெரிவித்ததோடு நிற்காமல், தான் தரும் நன்கொடைப் பணம் அந்தக் குழுவின் வேலைக்குப் போகக்கூடாது என்று 2025 ஜனவரியில் அறிவித்தது.

இப்போதைய நிலவரம்: அரச குடும்பத்தில் 16 பேர். ஆண்கள் ஐந்து பேர். பேரரசரையும் பட்டம் துறந்த அகிஹிட்டோவையும் விட்டால் வரிசையில் இருப்பது மூன்று பேர்: 1965இல் பிறந்த அகிஷினோ, 2006இல் பிறந்த ஹிசாஹிட்டோ, 1935இல் பிறந்த ஹிதாச்சி. கல்யாணமாகாத இளவரசிகள் ஐந்து பேர், ஐகோ உட்பட. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு எண்ணிக்கை குறையும். நருஹிட்டோவின் தங்கை சயாகோ 2005இல் தோக்கியோ மாநகர அரசு ஊழியர் ஒருவரை மணந்து வெளியேறினார். அதற்கு முன் அவர் கார் ஓட்டவும் சூப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கவும் பழகிக்கொண்டதைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அரச குடும்பத்தில் இல்லாத அவர்தான் 2017இலிருந்து, அமதெராசுவின் ஈசே கோயிலின் தலைமைப் பூசாரி. 2021இல் அகிஷினோவின் மூத்த மகள் மகோ, வெளியேறும் இளவரசிகளுக்குத் தரும் பெருந்தொகையையும் வேண்டாம் என்றுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போனார்.

அப்படியானால் ஹிசாஹிட்டோவை ஒதுக்கிவிட்டு ஐகோவுக்குக் கொடுக்கச் சொல்கிறேனா? அது எளிதில்லை. ஸ்வீடன் 1980இல் மூத்த பிள்ளைக்கே உரிமை என்று மாற்றியபோது, முந்தைய ஆண்டு பிறந்து வாரிசாக இருந்த இளவரசர் கார்ல் பிலிப்பிடமிருந்து உரிமை அக்கா விக்டோரியாவுக்குப் போனது. அவர் அப்போது கைக்குழந்தை. ஹிசாஹிட்டோ அப்படியில்லை. 2025 செப்டம்பரில் அவருக்கு வயதுவந்தோர் சடங்கே முடிந்துவிட்டது, இப்போது சுகுபா பல்கலைக்கழக மாணவர். அவரைச் சுற்றியே எல்லா ஏற்பாடும் நடக்கிறது. 2021 குழுவும் ஹிசாஹிட்டோ வரை வரும் வரிசையைத் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. என் கருத்தில் அவரோடு மோதாமலே ஒன்றைச் செய்யலாம். அவருக்குப் பிறகு பிறக்கும் தலைமுறைக்கு ஆண், பெண் பேதம் இல்லை என்று இப்போதே எழுதிவைக்கலாம். இளவரசிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் குடும்பத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யாவிட்டால், நாளை ஹிசாஹிட்டோவை மணக்கப்போகிற பெண், மசாகோ பட்டதை இன்னும் கூடுதலாகப் படவேண்டியிருக்கும். மசாகோவுக்காவது கொழுந்தன் வீடு என்று ஒன்று இருந்தது, இந்தப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

காலமும் அதிகம் இல்லை. ஐகோ 2024இலிருந்து ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். நாளைக்கே அவர் ஒருவரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டால் 12ஆம் பிரிவின்படி அன்றைக்கே வெளியே. அதற்கு அடுத்த மாதம் நாடாளுமன்றம் மனம் மாறிப் பெண்ணுக்கும் பட்டம் உண்டு என்று சட்டம் இயற்றினாலும், முன்பே வெளியேறியவரைத் திரும்ப அழைக்க இன்னொரு சட்டம் எழுதவேண்டும். அது அநேகமாக நடக்காது. நாடாளுமன்றம் இழுத்தடிக்கும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும், தங்கியிருப்பதா போவதா என்று தெரியாமல் கல்யாண வயதைக் கடந்துகொண்டிருப்பவர்கள் அந்த ஐந்து பெண்கள்தான்.